கடைசிச் சுற்று

விடிகாலை நாலு மணி.
கொருக்குப்பேட்டை கேட் விழுந்து
சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது.
குழாயில் வருவது காற்றா தண்ணீரா என்று
குடத்தைச் சாய்த்துக்கொண்டு
காது கொடுத்து நின்றபோது
போன் அடித்தது. எட்வின்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு
இரண்டு வருஷம் நாலு மாசம் கழித்து
அவன் குரல்.

"அக்கா, தரை சூடாவல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இங்கே சித்திரையில்
மொட்டைமாடிக்கு நாலு பக்கெட் ஊற்றி
அது புஸ்ஸென்று குடித்து முடித்த பிறகுதான்
பாய் விரிக்கிறோம்.
அங்கே, ஊலு என்றொரு ஊரில்,
மரத்தரைக்குக் கீழே பாம்பு பாம்பாய்க் குழாய் ஓட்டி
வெந்நீரைச் சுற்றவிடுகிறார்களாம்.
ரிப்பேர்க்காரன் வர ஒன்பது நாளாகுமாம்.
"குழந்தை ரூம்ல கால் வைக்க முடியலக்கா."

குழந்தை இருப்பதே
எனக்கு அப்போதுதான் தெரியும்.
கேட்கவில்லை.
பம்ப்பைக் காட்டு என்றேன்.

வீடியோவில் வந்தது.
உள்ளங்கை அளவு, சிவப்பு,
என் கடையில் காயில் கட்டுகிற மோட்டார்களுக்கெல்லாம்
பல் முளைக்காத பிள்ளை மாதிரி.
மூணில் வைத்திருந்தான்.
பயந்தவன் எதையும் மூணில்தான் வைப்பான்.

"விசில் அடிக்குதா?"
"ராத்திரி பூரா."
"ரெண்டுக்கு இறக்கு.
மேல ஒரு சின்ன சாவித் துளை இருக்கும், திற.
தும்மும். தும்மட்டும்.
சொட்டுச் சொட்டா வந்ததும் மூடிடு."

தும்மியது. எனக்கே கேட்டது.

பக்கத்தில் வரிசையாக ஆறு கண்ணாடிக் குழல்,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிவப்புக் கோடு.
ஹால் நாலு.
சமையலறை மூணரை.
கடைசியில் குழந்தை ரூம்
அரையில் கிடந்தது.

தண்ணீருக்குக் கெட்ட புத்தி எதுவும் கிடையாது.
கிட்டத்து வழி திறந்திருந்தால்
அதிலேயே போய்த் திரும்பிவிடும்.
பம்ப்பைக் கூட்டக் கூட்ட
குடித்தவனே இன்னும் குடிப்பான்.

"ஹாலைக் கொஞ்சம் மூடு."
"ஹால் நல்லாத்தானே கீது, அத்த ஏன்க்கா..."
"மூட்றா."

கால் திருகு. அரைத் திருகு.
கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்ல ஆரம்பித்தான்:
முக்கால். ஒண்ணு. ஒண்ணேகால்.

அந்த நேரம் பார்த்து
முன்கட்டில் மோட்டார் போட்டார்கள்.
என் குடத்தில் நூலாக விழுந்துகொண்டிருந்தது
அறுந்தது.

அவன் விற்ற பங்கு அது.
வாங்கியவர்கள் நல்லவர்கள்தான்.
அந்த மோட்டாருக்குப் போன ஆவணியில் காயில் கட்டியது
நான்தான்,
நானூறு ரூபாய் குறைத்து.

"இன்னாக்கா சத்தம்?"
"பம்ப்பு."

பிறகு அவன் பேசவில்லை.
எந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து வருகிறதென்று
அவனுக்குத் தெரியும்.
அவன் பக்கம் ரெண்டாம் நம்பரில்
சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப சூடாவும்?" என்றான் கடைசியில்.
"தரை சொன்ன உடனே கேக்காது.
நாளை ராத்திரி ஆகும்.
அவசரப்பட்டு எதையும் திருகாத.
அதுவரிக்கும் புள்ளைக்கு ரெண்டு சாக்ஸா போடு.
பேர் இன்னா?"

"ஐனோ."

ஐனோ.
மணலிப் பக்கத்துக் காற்று
அழுகின முட்டை வாசனையோடு
அந்தப் பெயர்மேல் ஒரு தடவை வீசிப் போனது.

போனை வைத்துவிட்டு
கால் குடத்தோடு போய்
முன்கட்டுக் கதவைத் தட்டினேன்.
இத்தனை மாசமாகத் தட்டாத கதவு.
"கொஞ்சம் மூடுங்க" என்றேன்.
"அஞ்சே நிமிசம்க்கா" என்றார்கள்.
பத்து நிமிஷம் ஆனது.
ஆனால் மூடினார்கள்.

மறுநாள் நள்ளிரவு தாண்டி ஒரு படம் வந்தது.
மரத்தரை. கழற்றி எறிந்த நாலு சாக்ஸ்.
ஓரத்தில், கேமராவை விட்டு ஓடுகிற
ஒரு குதிகால்.

கீழே எழுதியிருந்தான்: ஒண்ணரை.

திருகாதே என்று பதில் போட்டுவிட்டு
குடத்தை எடுத்து வைத்தேன்.
நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.